முழங்காலுக்குக் குடித்த கஷாயம்

அப்பாவின் புற்று கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று டாக்டர் ஸூ யுன்லானிடம் சொன்னார். திரையில் அவர் காட்டிய திட்டுகளையே அவள் வெறித்துப் பார்த்தாள். போன தடவை அங்கே ஒன்றுமே இல்லை. குடலில் இருந்த கட்டியைச் சுத்தமாக எடுத்தாயிற்று, அப்பா பழையபடி பூங்காவுக்குச் சீட்டாடப் போகிறார் என்று குடும்பமே மூச்சு விட்டிருந்த நேரம்.

வெளியில் ஏதாவது மூலிகை மருந்து சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். மூலிகைச் சந்தைக்குப் பேர்போன போஜோ நகரத்தில் இதைக் கேட்காத டாக்டர் கிடையாது. இந்த ஆஸ்பத்திரியே காய்ச்சிக் கொடுக்கும் கஷாயத்தைத் தவிர ஒரு சொட்டு உள்ளே போகவில்லை என்று யுன்லான் அடித்துச் சொன்னாள்.

தாழ்வாரத்து பெஞ்சில் அவள் அப்பா லுவோ ஷெங் பிளாஸ்க் மூடியில் எதையோ ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தார். தேநீர் என்றுதான் நினைத்தாள். கிட்டே போனதும் கசப்பு வாடை மூக்கில் ஏறியது.

"இது என்னப்பா?"

"முழங்காலுக்கு. நம்ம பாங் வைத்தியர் குடுத்தது. ரத்தத்த நல்லா ஓட வைக்குமாம். உன்கிட்ட சொன்னா ஆஸ்பத்திரி புராணம் பாடுவே, அதான் சொல்லல. இப்ப மாடிப்படியில யாரு முன்னாடி போறா, நீயா நானா?"

குளிர்காலம் முடிந்ததிலிருந்து குடிக்கிறாராம். அவள் பிளாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடி விஷயத்தைச் சொன்னாள்.

டாக்டர் அதை முகர்ந்து பார்த்தார். புற்று பரவுவதைச் சில மூலிகைகள் தடுக்கக்கூடும் என்கிறார்கள், ரத்தத்தை ஓட வைப்பவை சில நேரம் பரவவே உதவக்கூடும் என்ற பயமும் இருக்கிறது, ஆராய்ச்சிகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன என்றார்.

"இதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. இல்லேன்னும் சொல்ல முடியாது. இப்போதைக்கு நிறுத்திடுங்க. ஆமா, அப்பாவுக்குப் புத்துநோய்னு அந்த வைத்தியருக்குத் தெரியுமா?"

எப்படித் தெரியும்? அப்பாவுக்கே தெரியாதே. அந்த ஊர் வழக்கப்படி டாக்டர் முதலில் குடும்பத்திடம்தான் சொன்னார். நோயாளியிடம் அந்தப் பேரைச் சொன்னால் பாதி உயிர் அங்கேயே போய்விடும் என்று குடும்பம் முடிவு செய்தது. அண்ணன் யுன்ஹாய்தான் அத்தையிலிருந்து எதிர்வீட்டுக்காரி வரை எல்லோருக்கும் பாடம் நடத்தினான்: குடலில் சின்ன மரு, வெட்டிப் போட்டாச்சு. என்ன பாசம், என்ன கட்டுப்பாடு! ஒரு வாய்கூட உளறவில்லை.

தாழ்வாரத்தின் கோடியில் நின்று யுன்லான் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் பிடியை விடவில்லை. உண்மையைச் சொல்லிவிடாதே, பாங் போலி வைத்தியன் என்று சொல்லி நிறுத்து என்றான். அவளும் அப்படியே போய்ச் சொல்லிப் பார்த்தாள். லுவோ ஷெங்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நடக்க முடியாமல் கிடந்தவனை நடக்க வைத்த மனுஷனையா போலி என்கிறாய் என்று சத்தம் போட்டு, பிளாஸ்க்கை அவளிடமிருந்து வாங்கி, வேண்டுமென்றே இன்னொரு மூடி ஊற்றினார்.

அது வாய்க்குப் போவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா நிற்க முடியவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அது மரு இல்ல. புத்துநோய். இப்ப ஈரலுக்கும் போயிருக்கு."

கஷாயம் அவர் கால்சட்டையில் சிந்தியது. அவர் துடைக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் யுன்லான் படபடவென்று பேச ஆரம்பித்தாள். என்ன ஏது என்று விசாரிக்காமல் வாய்க்கு வந்த மருந்தைக் கட்டிக் கொடுத்த அந்த பாங்கைச் சும்மா விடப்போவதில்லை, கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கிற மாதிரி கேட்கப்போகிறேன் என்றாள்.

லுவோ ஷெங் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"கேட்டாரும்மா. நாடியப் பிடிச்சுப் பார்த்தாரு, நாக்க நீட்டச் சொன்னாரு. உடம்புல எங்கயாவது கட்டி இருந்துதா, இருந்தா இந்த மருந்து ஆகாது, மறைக்காம சொல்லுங்கன்னு கேட்டாரு. வெறும் மருதான், என் பொண்ணே ரிப்போர்ட்டப் பார்த்துட்டுச் சொன்னா, அவ என்கிட்ட பொய் சொல்ல மாட்டான்னு சொல்லித்தான் வாங்கிட்டு வந்தேன்."