விரல் இல்லாத சுவடு

பலகைத் தரையில் ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறது, ஒரு குதிகால், நடுவில் ஒரு வளைவு, அதற்கு மேல் ஒன்றுமில்லை, அப்பாவின் இடது காலடி அவ்வளவுதான், ஐந்து விரல்களையும் பனி தின்றுவிட்டது, குளித்துவிட்டு அவர் அடுப்புப் பக்கம் போனால் வலதுகால் முழுசாகவும் இடதுகால் பாதியாகவும் மாறிமாறிப் பதிந்திருக்கும், நான் அவற்றின் மேலேயே நடந்து பார்ப்பேன், ஐந்து வயதா ஆறா, இடதுகால் விரல்களை மடக்கிக்கொண்டு குதிகாலால் நொண்டி நொண்டி, அம்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து முதுகில் ஒன்று போடுவாள், ஒழுங்கா நட, அப்பா மட்டும் இப்படி நடக்கிறாரே என்பேன், அவருக்கு வேற வழியில்ல, உனக்கு என்னடி. எவரெஸ்டில் பதினோரு தடவை ஏறியவர் என் அப்பா, காட்மாண்டு கடைகளில் அவர் படம் தொங்குகிறது, எங்கள் ஷெர்பா ஊர்களில் அவர் நுழைந்தால் எழுந்து நின்று இடம் விடுவார்கள், எல்லோரும் முகத்தைத்தான் படம் பிடித்தார்கள், காலைப் பார்த்தவள் அம்மா ஒருத்திதான், குளிர்காலம் முழுக்க வெண்ணெயைச் சூடாக்கி அந்த மொட்டைப் பாதத்தில் தேய்ப்பாள், பூட்ஸின் முன்பக்கத்தில் பழைய கம்பளித் துணியை அடைத்துக் கொடுப்பாள், ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அப்பா சொன்னார், உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரந்தான், கூட வந்தவன் கால் எப்படி இருக்குன்னு கேட்டான், நல்லாத்தான் இருக்குன்னேன், அப்பவே அஞ்சும் போயிருந்துது, அதோடு அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டார்.

இப்போது எனக்கு இருபத்தாறு வயது, காலை எட்டு மணி, கண் கூசும் வெயில், அதே எவரெஸ்ட் உச்சியின் கொடித்துணிகள் மேலே தெரிகின்றன, இடதுகால் விரல்கள் எங்கே என்று தெரியவில்லை, முதலில் வலித்தது, பிறகு குத்தியது, இப்போது எதுவுமே இல்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, நான் அவர் மகள்தான் என்று கடைசியில் காலே ஒப்புக்கொண்டதுபோல், வழிகாட்டியாக முன்னால் போகும் நவாங் அண்ணன் நின்று திரும்பி, ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக் கேட்கிறார், கால் எப்படிம்மா இருக்கு, நல்லாத்தான் என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, தயாராக, யாரோ எனக்கென்று எடுத்து வைத்ததுபோல், அப்போது வெண்ணெய் உருகும் வாசனை, இந்த உயரத்தில், முகமூடிக்குள், எங்கிருந்து வந்தது, அவர் காலுக்குத் தேய்க்க நானிருக்கேன், உன் காலுக்கு யாருடி, பை கட்டும்போது அம்மா கேட்டது, இல்லண்ணா, விரல் தெரியல, இறங்கிடலாம், சொன்னது நான்தான், சொல்லிவிட்டு அழுகிறேன், கண்ணீர் இமையிலேயே உறைகிறது, அண்ணன் கயிற்றிலிருந்து என் கொக்கியைக் கழற்றிக் கீழ்ப்பக்கமாக மாட்டுகிறார்.

பலகைத் தரையில் ஈரம், வெந்நீரிலிருந்து எடுத்த என் இடதுகால், விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிகிறது, ஆனால் ஐந்தும் இருக்கின்றன, அடுப்புப் பக்கம் மெல்ல நடக்கிறேன், வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது, உச்சியைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏமாந்துபோயிருப்பார் என்று நான் அவர் முகத்தைப் பார்க்காமலே சாப்பிடுகிறேன், இப்போது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்காருகிறார், நான் விட்டுவந்த ஈரத்தைக் குனிந்து தொடுகிறார், பெருவிரல், அடுத்தது, அதற்கடுத்தது, சுண்டுவிரலை மட்டும் இரண்டு தடவை, பிறகு தலையைத் தூக்காமலே அம்மாவைக் கூப்பிடுகிறார், இங்க வந்து பாரு, காயறதுக்குள்ள வா.