அனுஜா கேட்ட கேள்வி

காலையில் பொன்செல்வி திறந்த ஒரே ஒரு மெயிலில் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் முடங்கிப்போயின. துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் அது. முதலாளி ராஜபாண்டி அவள் எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"வெளிய தெரிஞ்சா ஒரு பார்ட்டியும் நம்மள நம்பி கண்டெய்னர் குடுக்க மாட்டான். வாயத் தொறந்தேன்னா உனக்கு இங்கன வேலை இல்ல."

மேசைத் தொலைபேசி அடித்தது. பக்கத்துத் தெரு ஏஜென்சியின் அனுஜா. சந்தேகமான மெயில் வந்தால் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது வழக்கம்.

"ஏளா, கப்பல் கம்பெனி பேர்ல ஒரு பில்லு வந்திருக்கு. உனக்கும் வந்துச்சா? தொறக்கட்டா?"

எதுவும் சொல்லக்கூடாது என்று ராஜபாண்டி விரலை ஆட்டினார். பொன்செல்வியின் வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். ரிசீவரைக் காதில் வைத்தபடி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னளா, பொண்ணு பாக்க வந்திருக்காவளா? பேச்சே காணோம். சரி, தொறந்துருதேன்."

"தொறக்காத! நான் தொறந்து மாட்டிக்கிட்டேன்."

"ஏய், யாரும் அந்த மெயிலத் தொடாதீங்க!" என்று அனுஜா தன் அலுவலகத்தில் போட்ட கூச்சல் இந்த அறை முழுக்கக் கேட்டது.

ராஜபாண்டி அவளிடமிருந்த அலுவலகச் சாவிக்காகக் கையை நீட்டினார்.