பத்தொன்பது படிகள்

கீழ்வானம் பழுத்த மாம்பழத் தோலாய்ச் சிவக்க, உத்திரமேரூர்ப் பேரேரியின் நீர்ப்பரப்பிலே கொக்குகள் வெண்ணூல் கோத்தாற்போல் வரிசையாய் இறங்க, மதகு கடந்த நீர் ஒவ்வொரு கழனியையும் நலம் கேட்டபடி ஓடும் ஐப்பசிக் காலைப்பொழுதை, அன்புடையீர், நீவிர் கண்டிருப்பீர். அத்தகையதோர் காலையிலேதான், மானாம்பதிக்கு அண்மையிலுள்ள சிற்றூரிலிருந்து மார்த்தாள் என்னும் நங்கை, நாற்காலியில் அமர்ந்து நால்வர் தோள்மீது ஏறி, மாவட்டத் தலைநகர் நோக்கிப் புறப்படவிருந்த ஒரு வேனருகே கொணரப்பட்டாள்.

இளமையிலேயே வாதநோய் இரு கால்களையும் பறித்துக்கொள்ள, கைகளையே கால்களாக்கிக் கழனி வரப்பிலே தவழ்ந்து களைபறித்தவள் அவள். வாலாஜாபாத் அரிசி ஆலையொன்றில் அமர்ந்தபடி மூட்டை தைக்கும் வேலை அவளுக்குக் காத்திருந்தது. தை அறுவடை நெல் வந்து சேருமுன் அவள் வந்தாக வேண்டும். நாள்தோறும் சென்றுவர அரசு வழங்கும் மூவுருளி உந்துவண்டி வேண்டும். வண்டிக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் தரும் மருத்துவக் குழுவோ, பெயர் சொல்ல வேண்டாத ஓர் அலுவலகத்தின் மேல்தளத்திலே, பத்தொன்பது படிகளுக்கு அப்பால் வீற்றிருந்தது. கயிலை மலைக்கும் அத்தனை செங்குத்து இல்லை என்பேன்.

அந்நால்வரோ பெருமாள் கோயிலில் சாமி தூக்கும் தோளினர். அவர்தம் தலைவன் வீராசாமியின் தோள் தடிப்பிலே ஒரு குடம் நீரைச் சிந்தாமல் வைக்கலாம். வேனில் உடன்வந்து, நாற்காலியில் இரு தண்டுகள் கட்டித் தூக்கியவர்கள், அலுவலகப் படியைக் கண்டதும் பழக்கம் மேலிட, மூன்றடி முன்னும் ஓரடி பின்னுமாய், பிரம்மோற்சவத்து நடை நடந்து அவளை ஆட்டி ஆட்டியே ஏற்றினர்.

"இன்னா வீராசாமிண்ணே, நா இன்னா உங்க பெருமாளா? ஆட்டாத, நேராத் தூக்கு," என்றாள் மார்த்தாள்.

சாமியை இறக்கியவுடன் தண்டுகளை உருவிக்கொண்டு அப்பால் விலகுவது அவர்தம் வழக்கம். அவ்வண்ணமே அவளை மேலே இறக்கியதும் தேநீர்க்கடைக்கு விலகினர். அங்கேதான் வந்தது வினை. அறைவாயிலில் தனித்து அமர்ந்திருந்தவளைக் கண்ட எழுத்தர், 'தாமே மேல்தளம் வந்தார்' என்று எழுதிவிட்டார். அவள் எடுத்துரைத்தும் எழுதியது எழுதியதுதான் என்றனர். குறைபாடு வண்டி பெறுமளவு இல்லையென முத்திரை விழுந்தது.

கார்த்திகையில், நீர்த்தேக்கத் தொட்டி திறக்க அவள் ஊருக்கு வந்த நாடாளுமன்ற உறுப்பினர் பரிமளா அம்மையாரிடம், மார்த்தாள் இக்கதையைப் பெருமாள் நடையோடு நடித்தே காட்டினாள். அம்மையார் கண்ணீர் வரச் சிரித்தார். பின்பு, தாம் சிரித்ததற்கு நாணினார். படிகள் எத்தனை என்று மட்டும் கேட்டுச் சென்றார்.

தில்லி நாடாளுமன்றத்திலே பேச அவருக்குக் கிட்டியது மூன்றே நிமிடம். மருந்தில்லா மருத்துவமனைகளையும் மருத்துவரில்லா ஊர்களையும் முறையிட்டுவிட்டு, இறுதியில் உரைத்தார்:

"படியேற இயலாதவர், இயலாது என மெய்ப்பிக்கப் பத்தொன்பது படி ஏற வேண்டும். ஏறிவிட்டால், இயலும் என்கிறோம். அவையோரே, இதில் ஊனமுற்றது எது?"

அவையின் தூண்கள் அனைத்தும் அக்கணமே பத்தொன்பது முழம் குனிந்தன. நம்பாதார் போய் அளந்து பார்க்கட்டும். ஆனால் மார்கழி முடியுமுன் அக்குழு தரைத்தளத்திற்கு இறங்கியதும், உத்திரமேரூருக்கே வந்து பந்தலின்கீழ்ச் சான்றிதழ் வழங்கியதும் அளக்க வேண்டாத உண்மை. தை மூன்றாம் நாள் வண்டி வந்தது. ஆலைக்காரர் அம்மூன்று நாளும் பொறுத்திருந்தார், அவர் வாழ்க.

நன்றி பெருக்கெடுத்த ஊரார் அம்மையாருக்குப் பாராட்டு விழா எடுத்தனர். அன்பின் அளவைக் காட்ட மேடையை உயர்த்தினர், உயர்த்தினர், ஒன்பது படி உயர்த்தினர். மாலையணிவிக்க வேண்டிய மார்த்தாள் வண்டியோடு முதற்படியில் முட்டி நின்றபோதுதான் ஊரே நாவைக் கடித்துக்கொண்டது. வீராசாமி தோளைத் தட்டிக்கொண்டு முன்வந்தான்.

"வாணாம்ண்ணே. நீ ஒருக்காத் தூக்குனதுக்கே பார்லிமெண்டு வரிக்கும் போவ வேண்டியதாப் பூட்சி," என்றாள் அவள்.

ஊர் சிரித்தடங்குமுன் அம்மையார் ஒன்பது படியும் இறங்கிவந்து, வண்டியருகே மண்ணில் அமர்ந்தார். மார்த்தாள் மாலையோடு, தான் ஆலையில் தைத்த முதல் பையையும் அவர் மடியில் வைத்தாள். உள்ளே இரண்டு படி அரிசி, வாயிலே வளையாத தையல். அம்மையார் அத்தையலை விரலால் நெடுநேரம் தடவினார்.

மறுநாள் ஊரார் அம்மேடையைப் பிரித்து, அப்பலகைகளை ஊர்ச் சிறு மருத்துவமனையான துணைநலவாழ்வு நிலையத்து வாயிற்படிமீது சாய்வாய்ப் பதித்தனர். அதில் முதலில் ஏறியவன் யாரென்று எண்ணுகிறீர்? முப்பதாண்டு சாமி சுமந்து முழங்கால் தேய்ந்த வீராசாமிதான். பெருமாள் நடை மறந்து, நேராய், மெல்ல ஏறினான். உயர்த்திக் கட்டிய நன்றி ஒருநாள்தான் நின்றது. சாய்த்துப் பதித்த நன்றியோ, இன்றும் எத்தனையோ கால்களைத் தாங்கியபடி அவ்வாயிலிலே கிடக்கின்றது.