பதிமூன்று நாள் பிந்திய வீடு

இன்னோகென்டி ல்வோவிச்சைப் புதைத்துவிட்டு அவருடைய மனைவி கிளாஃபிரா வீடு திரும்பியபோது, அவர் மேசையில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தார். உப்பு கம்மி என்றார். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு எச்சில் தட்டு கிடந்தது. முந்தின நாள், கோயிலில் அவருடைய உடலுக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்த நேரத்தில், அவரே சூடு பண்ணிச் சாப்பிட்டு வைத்த தட்டு அது. "நேத்து ராத்திரி முழுக்க எங்க போயிட்டே கிளாஷா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா?" என்று கேட்டார். தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்தபடி, "தெரிஞ்சவங்க வீட்டுல ஒரு காரியம்" என்றாள். "சரி, அதுக்கு ஏன் இப்படி நனைஞ்சு வந்திருக்கே? வெயில்தானே அடிக்குது?" என்றார். ஊர் முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டுக் கூரை மேல் மட்டும் வெயில் அடித்தது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட அரபுத் துறைமுகமான பிஸெர்த்தில் அந்த வீட்டைப் பார்த்து வாய் பிளப்பதை ஜனங்கள் விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ரஷ்யர்கள் நாட்டை இழந்து போர்க்கப்பல்களோடு இங்கே வந்து ஒதுங்கியபோது தேநீர் கொதிக்கவைக்கும் சமோவார், சாமிப் படம், பூனை இவற்றோடு தங்கள் தேதியையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அது ஊர்த் தேதிக்குப் பதிமூன்று நாள் பின்னால் நடப்பது. நமக்கு மார்ச் மூன்று என்றால் அவர்களுக்கு அன்று பிப்ரவரி பதினெட்டுதான். அவர்களைத் துரத்தியவர்களே அந்தத் தேதியையும் ஒழித்தவர்கள் என்பதால், அதை விடுவது நாட்டை இரண்டாம் தடவை விடுவதாக இருந்தது. நாலு வருஷம் கப்பலிலேயே, போர்வை கட்டி மறைத்த தடுப்புகளுக்குள் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, குடித்தனம் நடத்தினார்கள். கப்பல்கள் பழைய இரும்புக்குப் போன பிறகு கரையேறினார்கள். கரையில் பள்ளிக்கூடம், சம்பளம், ரயில் எல்லாமே ஊர்த் தேதிக்குத்தான் வரும். ஊரோடு ஒத்து வாழ் என்று ஒவ்வொரு குடும்பமாக மாறிக்கொண்டது. பழைய தேதி கோயிலுக்கு மட்டும் என்றானது. கிளாஃபிரா மாறவில்லை. வருஷா வருஷம் பழைய தேதியைத் தானே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று மற்ற ரஷ்யப் பெண்கள் அவளைப் பழித்தார்கள். அவள் பிடித்துக்கொண்டிருந்தது முயலை அல்ல, மகனை.

கிளெப் பதினேழு வயதுக் கடற்படை மாணவன். செவஸ்தபோலை விட்டுக் கிளம்பிய அன்று அவனை வேறு கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் கப்பல் புயலில் சிக்கியது, பிறகு அதைக் கண்டவர் இல்லை. பயணம் கிளம்பும் முன் வீட்டார் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து எழுவது ரஷ்யர் வழக்கம். அன்று பீரங்கிச் சத்தத்திலும் நெரிசலிலும் யாரும் உட்காரவில்லை. அதனால்தான் பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை என்பது கிளாஃபிராவின் நினைப்பு. தேதியை மாற்றுவதென்றால் பதிமூன்று நாளைத் தாண்டிக் குதிக்க வேண்டுமே. "குதிக்கிற அந்தப் பதிமூணு நாள்ல ஒரு நாள் அவன் வந்து கதவைத் தட்டிட்டுப் போயிட்டான்னா?" என்று கேட்டாள். நடுக்கடலில் நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுச் சொன்ன மனிதர் இன்னோகென்டி. அவரே அவளுடைய தேதித் தாளுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தார்.

ஆகவே வீடும் அவள் தேதிக்கு நடந்தது. ஊரில் பெய்த மழை பதிமூன்று நாள் கழித்து அந்த ஓட்டுக்கூரையில் மட்டும் பெய்தது. ஊருக்கு வந்த சளிக்காய்ச்சல், ஊர் குணமாகிக் கஞ்சியை மறந்த பிறகு அங்கே வந்தது. இதனால் லாபம் அடைந்தவள் பக்கத்து வீட்டு ஹபீபா. மீனவன் ஒருவனின் விதவை, வாய்க்காரி. ஊர் மழையில் தன் தொட்டி நிறையாவிட்டால், கூழாங்கல் வைத்து நாள் எண்ணி, ரஷ்யர் வீட்டுக் கூரைக்குக் கீழே குடத்தைக் கொண்டுபோய் வைப்பாள். "மதாம், உங்க மழை வியாழக்கிழமை. துணியை எடுத்து வச்சிருங்க. எங்களுக்கெல்லாம் அல்லாதான் மழை குடுக்கிறான், உங்களுக்கு நான் குடுக்கிறேன்" என்று பிரெஞ்சில் பாதியும் கையாட்டலில் பாதியுமாகச் சொல்வாள். கிளாஃபிரா சிரிக்கும் சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

கப்பலிலும் கரையிலுமாகப் பத்து வருஷம் இப்படிப் போனது. துறைமுக அலுவலகத்தில் இன்னோகென்டி கடலின் ஆழங்களைத் தாளில் வரையும் வேலை பார்த்தார். கிளாஃபிரா பிரெஞ்சு அதிகாரிகளின் மனைவிமாருக்குக் கவுன் தைத்தாள். ஊர்த் தேதி மார்ச் மூன்று, பகல் பன்னிரண்டுக்கு, வரைபலகை மேல் குனிந்திருந்தவரின் இதயம் நின்றது. கோடு தாளைத் தாண்டி மரத்தில் ஏறியிருந்தது. மறுநாள் மழையில் புதைத்தார்கள். ஆனால் அந்த வீட்டுக்கு மார்ச் மூன்று இன்னும் வந்திருக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்த பெண்களை இன்னோகென்டியே கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். அவர்கள் அலறவில்லை, அந்த வீட்டை அவர்களுக்குத் தெரியும். இருக்கிற மனிதரை எதிரில் வைத்துக்கொண்டு எப்படி இழவு கேட்பது என்றுதான் சங்கடப்பட்டார்கள். தேநீர் குடித்தார்கள், காற்றைப் பற்றிப் பேசினார்கள், வாசலில் கிளாஃபிராவின் கையை அழுத்திவிட்டுப் போனார்கள். விசாரித்தாகிவிட்டது என்று அதன் பிறகு யாரும் வரவில்லை. அவர் தினமும் காலையில் தொப்பி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார், மாலை ஆறரைக்குத் திரும்பினார். தெரு முனையைத் தாண்டி அவரைப் பார்த்தவர் ஊரில் இல்லை. அவள் தைப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இருமினால் மனதில் வாங்கி வைத்தாள். அவருடைய ஒரே நல்ல சட்டையைத் தினம் துவைத்தாள்.

இறந்தவருக்கு ஒன்பதாம் நாள் கோதுமையை வேகவைத்துத் தேன் விட்டுப் படைக்க வேண்டும். கோயிலுக்குக் கொண்டுபோக அவள் எடுத்து வைத்திருந்ததில் இரண்டு கிண்ணம் அவர் சாப்பிட்டுவிட்டார்.

"யாருக்கு இது?"

"அன்னிக்குச் சொன்னேனே, தெரிஞ்சவங்க."

"நல்ல மனுஷன்போல. தேனை அள்ளி ஊத்தியிருக்கே. எனக்கு ஒரு நாளாவது இப்படி ஊத்தியிருக்கியா?"

கிளாஃபிரா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவளுக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவர் அந்த வரைபலகை முன்னால் இல்லாவிட்டால், சாவு வந்து காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடாதா? ஊருக்கு மார்ச் பதினாறு, அவள் வீட்டுக்கு மார்ச் மூன்று. தினமும் காலையில் கோடு போட்டு அடிக்கும் தேதியை அன்று சுவர்த் தாளில் அடிக்காமல் விட்டாள். தொப்பியை மாவு டப்பாவுக்குள் ஒளித்தாள். கதவைப் பூட்டிச் சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

இன்னோகென்டி தொப்பியைத் தேடவே இல்லை. வாசலோரம் இருந்த பெட்டியைக் காட்டினார். செவஸ்தபோலிலிருந்து வந்த பெட்டி, பத்து வருஷமாகியும் முழுசாகக் காலி பண்ணாதது. "வா, கொஞ்சம் உக்காருவோம்" என்றார்.

அவள் கதவை மறித்து நின்றாள். "உனக்குத் தெரியுமா?"

"கடல்ல நாள் கணக்கு வச்சவன் கிளாஷா நான். ஊரே என் வீட்டுக்கு வந்து டீ குடிச்சுட்டு, என் மூஞ்சியைப் பாக்காமப் போகுது. தெரியாமலா இருக்கும்?"

"போகாதே கேஷா. இங்கேயே இரு. கதவைப் பூட்டிட்டேன்" என்று செல்லப்பெயர் சொல்லிக் கெஞ்சினாள்.

"நான் போகலேன்னா அது இங்க வரும். இந்த வீட்டுல வேணாம். நீ இன்னும் இங்க இருந்தாகணும்." பிறகு, "என் கடற்படை பூட்ஸ் இப்ப கிளெப்புக்குச் சரியா இருக்கும். எண்ணெய் போட்டு வை" என்றார்.

இருவரும் பெட்டி மேல் உட்கார்ந்தார்கள். பத்து வருஷம் முன்னால் உட்கார வேண்டிய ஒரு நிமிஷம். அவர் எழுந்தார். அவள் சாவியை எடுத்துக் கொடுத்தாள், தொப்பியையும் மாவு தட்டிக் கொடுத்தாள். அவர் தெரு முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை ஆறரைக்கு ஒரு தட்டுச் சூப் ஆறிப்போய் இருந்தது.

அப்போதுதான் கிளாஃபிராவின் கணவர் செத்தார். அவளுக்கு அழ வேண்டும், கூட ஆள் வேண்டும். ஆனால் ஊர் அழுது முடித்துப் பதிமூன்று நாள் ஆகியிருந்தது. தெருவில் பார்த்த ரஷ்யப் பெண் ஒருத்தி, "தேறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு மீன் வாங்கப் போனாள். உலகத்தில் இதைவிடப் பெரிய தனிமை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நல்ல வெயிலில் ஹபீபா குடை பிடித்துக்கொண்டு தெருவில் வந்தாள். பையன்கள் சிரித்தார்கள். இடுப்பில் கோதுமை ரவையில் ஆக்கிய கூஸ்கூஸ் பானை, மடியில் பதிமூன்று கூழாங்கல். ரஷ்யர் வீட்டு வாசலை அவள் மிதிக்கவும் புதைத்த நாளின் மழை கூரையில் இறங்கவும் சரியாக இருந்தது. "ஒரு மணி நேரம் பெய்யும் மதாம். நான்தான் அன்னிக்குப் பாத்தேனே" என்று கதவைச் சாத்தினாள். "அழுறதா இருந்தா இப்பவே அழுதுருங்க, சத்தம் வெளிய கேக்காது." ஹபீபாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிளாஃபிரா கணவருக்காக அழுதாள், பிறகு முதல் தடவையாக மகனுக்காகவும் அழுதாள். ஹபீபாவும் தன் மீனவனை நினைத்துக்கொண்டு கூடவே அழுதாள்.

சொன்னபடி ஒரு மணி நேரத்தில் மழை விட்டது. கிளாஃபிரா எழுந்து போய், சுவர்த் தாளில் அடிக்காமல் விட்ட மூன்றை அடித்தாள். "அடுத்த மழை சனிக்கிழமை, அதுக்குள்ள துணியைக் காயப் போட்டுக்கோங்க" என்று சொல்லி ஹபீபா குடையை மடக்கினாள். கிளாஃபிரா, அவர் போன அன்று காலையில் ஊறப் போட்டிருந்த அவருடைய நல்ல சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள், பூட்ஸுக்கு எண்ணெய் தடவி வாசலில் வைத்தாள். சனிக்கிழமை மழை வந்தது, அவள் அதற்குள் இரண்டையும் எடுத்து உள்ளே வைத்திருந்தாள்.