மடிப்பில் விழுந்த முகம்

கூரியரில் வந்த பொட்டலத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துப் பதமாகப் பிரித்தார் டமாரம். இளவயதில் ஓர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தபோது ஒட்டிக்கொண்ட பெயர் அது. குழு கலைந்ததும் பேருந்து ஓட்டப் போய், அதிலும் ஓய்வு பெற்றாயிற்று. அவர்கள் போட்ட ஒரே ஆல்பத்தை இத்தனை காலம் கழித்து யாரோ தூசி தட்டி, இசைத்தட்டாகவும் சிடியாகவும் மறுபடி வெளியிட்டிருந்தார்கள்.

இசைத்தட்டின் கெட்டி அட்டை புத்தகம்போலத் திறந்தது. உள்ளே இரண்டு பக்கமும் நிறைந்து குழுவின் படம். முன்னால் பாடகர், இருபுறமும் கிதார்காரர்கள், நடுவில் பின்னால் டிரம்ஸ். அட்டை மடியும் கோடு சரியாக அவர் மூக்கின்மேல் இறங்கியிருந்தது. ஒரு கண் இந்தப் பக்கம், ஒரு கண் அந்தப் பக்கம். சிடியிலாவது தப்பித்திருப்போம் என்று அதன் சின்னப் புத்தகத்தை விரித்தார். அங்கே நெற்றியில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள்.

"அடிச்சு மாட்டிட்டாங்கடா என்னை!" என்று உரக்கவே சொன்னார். சிரிக்க வீட்டில் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து காரில் அழைத்துப் போனாள். சிடியைக் காரிலேயே போட்டார்கள்.

"சூப்பர்ப்பா. இதுல நீங்க எது?"

"டம் டம்னு கேக்குதே, அது."

"எல்லாமே டம் டம்னுதானே கேக்குது?"

அவள் சொன்னது சரிதான். கூட்டமான பேருந்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவதுபோல இருந்தது. பாட்டுக்குப் பாட்டு ஏற்ற இறக்கமே இல்லை. நடுவில் அவளுக்குப் போன் வந்தது, பாட்டு நின்றது. திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிடும் வரை அவள் பேசி முடிக்கவில்லை.

வீட்டில் இசைத்தட்டைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை. மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு, பழைய தட்டுகள் விற்கும் கடைக்குப் போனார். கடைக்கார அம்மா தட்டைச் சுழலவிட்டு, ஹெட்ஃபோனை அவரிடம் நீட்டினார்.

முதல் பதிப்பில் அவருடைய டிரம்ஸ் பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிற மாதிரி கேட்கும். இதில் தோல் அதிர்வது கேட்டது. எண்ணெய் போடாமல் விட்ட பெடலின் கிறீச்சும் கேட்டது. ஒரு பாட்டு தொடங்குமுன், "டேய், மெதுவாப் போடு, ஓடாத" என்று பாடகரின் குரல். முன்பு அதை வெட்டி எறிந்திருந்தார்கள். பக்கத்தில் நின்று சொன்னதுபோல இருக்க, டமாரம் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"கீறல் எதுவும் இருக்கா சார்?"

"இல்லம்மா. தட்டு நல்லாதான் இருக்கு."

கிதார்காரர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாடகரோடு சண்டை என்று ஒன்றுமில்லை. பேச்சு மெல்லத் தேய்ந்து நின்றுபோயிருந்தது. அவருடைய போன் நம்பரை வெளியீட்டுக்காரர்கள் கொடுத்திருந்தார்கள். கடை வாசலில் நின்று அழைத்தார்.

"நான்தான்டா, டமாரம்."

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். உனக்குத் தட்டு வந்துச்சா?"

"வந்துச்சு, பிரிக்கல. காதுல மிஷின் மாட்டியிருக்கேன். பேசினா புரியுது. பாட்டுப் போட்டா தகரத்தை உருட்டுற மாதிரி இருக்கு. எப்படி வந்திருக்கு, நீயே சொல்லு."

டமாரம் சொன்னார். தோல், பெடல், வெட்டாமல் விட்ட பேச்சு, எல்லாவற்றையும்.

"என் குரல்?"

"நல்லா இருக்கு."

"புளுகாத. உன் டிரம்ஸை மட்டும்தானே கேட்டிருப்ப?"

இருவரும் சிரித்தார்கள். பாடகரின் சிரிப்பு முதலில் நின்றது.

"சரி, இன்னொரு தடவை கேட்டுட்டுச் சொல்லு."

அவர் மறுபடி உள்ளே போய், இந்த முறை குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டார். உச்சத்துக்குப் போகுமுன் ஒரு சின்னத் தயக்கம். பிறகு துணிந்து ஏறினான். அவன் பயந்து பாடியிருக்கிறான் என்பது அத்தனை வருடம் முதுகுப் பக்கமே உட்கார்ந்து வாசித்தவருக்குத் தெரியாமல் போயிருந்தது.

வெளியே வந்து அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மிஷினைக் கழற்றி வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். பேருந்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவனிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே வந்தார்.