கணினி காட்டாத கோளாறு

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, காலை 10.20 மணிக்கு, கொக்கிரகுளம் இறக்கத்தில் வேதமுத்துவின் ஹைபிரிட் காரில் மூன்றாம் முறையாகப் பிரேக் பிடிக்கவில்லை. கார் சுவரை உரசி நின்றது.

பணிமனையில் நான்கு நாள் சோதித்தார்கள். "கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டலியே, அண்ணாச்சி. உங்க காலுதான் தவறியிருக்கும்," என்றான் மெக்கானிக். வேதமுத்துவுக்குத் தன் காலின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

மனைவி யூனிஸை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு அழைத்துச்செல்ல வேண்டும். இதை விற்றால்தான் வேறு கார். வாங்க வந்த போதகரிடம் உள்ளதை மறைக்காமல் சொன்னார்.

"அதுக்கென்ன, ஜெபம் பண்ணிட்டு ஓட்டுதேன். ஞாயித்துக்கிழமை பிள்ளையள ஏத்தத்தான கேக்கேன்," என்று சாவியை வாங்கினார் போதகர்.

யூனிஸ் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "மூணு தடவையும் நாங்க ஜெபம் பண்ணிட்டுத்தான் ஏறினோம், ஐயா."

காரை விற்பதில்லை, ஓட்டுவதுமில்லை என்று முடிவாயிற்று. யூனிஸ், உடம்பு தாங்கும்வரை, பேருந்தில் போவாள்.