இரண்டு எட்டு

விடிந்தும் விடியாத வேளையில் எட்டாவது வலை கப்பலின் அடிக்கிடங்கிலிருந்து மேலே வந்தது. வலைக்கு இருபது சிமெண்ட் மூட்டை. வலை தரையைத் தொட்டதும் நாற்பது பேர் முறைபோட்டு முதுகைக் கொடுத்துச் சுமந்தார்கள். மேலே சுமை தூக்கும் விஞ்சு இயந்திரத்தை ஓட்டும் விஞ்சுக்காரரின் உள்ளங்கை நெம்புகோல் பிடித்துப் பிடித்து எரிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் இதே விஞ்சில் கம்பி வடம் அறுந்து, வலை அவருடைய தம்பியின் மேல் விழுந்தது. தம்பி அன்றைக்குப் படுத்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. "வடம் நல்ல வடம். அண்ணன்காரன்தான் வெடுக்குனு இழுத்தான்" என்று விஞ்சும் வடமும் கொடுத்த முதலாளி விசாரணையில் வாய் கூசாமல் சொல்லிவிட்டார். கரையில் கிழிந்த சாக்குகளைத் தைக்கும் தம்பி மனைவி, அன்றிலிருந்து விஞ்சுக்காரரிடம் பேசுவதில்லை. அவருக்கே தன் கை மேல் சந்தேகம் வந்துவிட்டது. முதலாளியின் தலையில் ஒரு வலையை இறக்கினால் என்ன என்றும் நினைத்திருக்கிறார், பொய் சொல்வானேன்.

முந்தாநாள் தம்பியின் நஷ்டஈட்டு வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கப்பல் வேலையில் அடிபட்டால், பழுதான கருவியைக் கொடுத்தவர்தான் பொறுப்பு. வடம் பழுதானதா என்று கீழ்க்கோர்ட்டு பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஒன்பதாவது வலை அந்தரத்தில் இருக்கும்போது முதலாளி வந்து இறங்கினார். அந்த நேரத்தில் அவர் முகத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை.

"கொட்டகையில கெடக்குற அறுந்த வடத்தைக் கடல்ல தள்ளுங்கப்பா. இடத்தை அடைச்சுக்கிட்டு."

விஞ்சுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். வலை அப்படியே தொங்கியது.

"கோர்ட்டு அதைப் பாக்கணுமாமே, முதலாளி."

"பாக்க என்னய்யா இருக்கு? வடம் நல்ல வடம். இழுத்த கைதான் சரியில்ல."

"அதே சுருள்ல வெட்டின மிச்சம்தான் இப்ப இந்த விஞ்சுல ஓடுது. இருபது மூட்டை தொங்குது. நல்ல வடம்னா அடியில வந்து நில்லுங்க. மெதுவாவே இறக்குறேன்."

முதலாளி அண்ணாந்து பார்த்தார். கால்கள் தாமாகவே இரண்டு எட்டு பின்னால் போயின. விஞ்சுக்காரருக்கு அதைப் பார்க்கத் தேனாய் இனித்தது.

"எல்லாரும் பாத்தீங்களா?"

"பாத்தோம்" என்றார்கள் கீழே நின்றவர்கள்.

"ஒருத்தனுக்கும் நாளையிலிருந்து வேலை கெடையாது."

"எந்த வேலை? நீங்க நிக்கப் பயப்படுற எடத்துல நிக்கிற வேலைதானே?" என்றார் ஒரு சுமைக்காரர்.

ஆட்களை விலகச் சொல்லிவிட்டு வலையைப் பூப்போல இறக்கினார் விஞ்சுக்காரர். அன்றைக்கும் இந்தக் கை இப்படித்தான் வேலை செய்தது. இப்போது அவருக்கு அதில் சந்தேகம் இல்லை.

நாற்பது பேரும் விஞ்சுக்காரரும் கொட்டகைக்குப் போய் அறுந்த வடத்தின் மேல் உட்கார்ந்தார்கள். வெளியே முதலாளி யாருக்கோ போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். கோணி ஊசியோடு தம்பி மனைவி வந்தாள்.

"மாமா, கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க."

மூன்று வருஷம் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு. அவர் நகர்ந்தார். அவள் வடத்தின் மேல் அழுத்தி உட்கார்ந்தாள்.

"நானும் பாத்தேன். சாட்சிக் கூண்டுல மொதல்ல நான் ஏறுறேன். அந்த ரெண்டு எட்டை ஜட்ஜு முன்னாடி நானே நடந்து காட்டுறேன்."